தரகர் சங்கம் தொடங்கப் போகிறீர்களா? 1908-இல் சிகாகோவில் நடந்ததைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற ரோட்டில் ஒரு டீக்கடை இருக்கிறது. இருபது வருஷமாக எனக்கும் இன்னும் ஏழெட்டுத் தரகர்களுக்கும் அதுதான் ஆபீஸ். தோப்பு, வீட்டுமனை, ஓடாத அரிசி மில் என்று எது கைமாறினாலும் முதல் பேச்சு அங்கேதான். பார்ட்டி பொள்ளாச்சியிலிருந்து வருவார், இடம் சித்தூர் தாலுகாவில் இருக்கும், ஓனர் திருச்சூரில் இருப்பார், நடுவில் நாங்கள் நாலு பேர் நிற்போம், கமிஷன் பிரிக்கிற அன்றைக்குப் பார்த்தால் ஏழு பேர் ஆகியிருப்போம். அப்படி ஒரு சண்டைக்கு நடுவில்தான் போன மாதம் ஒருத்தர், "நாமளும் ஒரு சங்கம் வெச்சா என்ன?" என்றார். எல்லோரும் சரி என்றோம். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, தலைவர் யார் என்று அடுத்த சண்டை.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பல வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒன்று தொடங்கி, லெட்டர்பேடு அடித்து, ரசீது புத்தகம் அடித்து, பந்தல் போட்டுத் திறப்பு விழா நடத்தி, அந்தப் பந்தலைப் பிரித்த அன்றைக்கே சங்கமும் பிரிந்துவிட்டது. அந்த ரசீது புத்தகங்கள் இன்னும் என் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. அதனால் இந்தத் தடவை கொஞ்சம் படித்துப் பார்த்தேன். பத்து லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்களோடு இன்றைக்கு நடக்கிற அமெரிக்க நிலத் தரகர்களின் தேசிய ரியல்டர் சங்கம் முதலில் எப்படித் தொடங்கியது, எதைச் சரியாகச் செய்தார்கள், எங்கே அசிங்கப்பட்டார்கள் என்று. உங்கள் ஊரில் நீங்களும் சங்கம் தொடங்குகிற யோசனையில் இருந்தால், அவர்கள் கதையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்ன வரிசையில் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன்.

முதலில் மேலிருந்து தொடங்காதீர்கள். மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், அகில இந்தியச் சங்கம் என்று பெயர்ப் பலகை எழுதுவது நமக்கு ரொம்பப் பிடிக்கும். அமெரிக்காவிலும் 1890களின் தொடக்கத்தில் நாடு முழுக்க ஒரு தரகர் சங்கம் வைத்துப் பார்த்தார்கள். 1893-இல் பெரிய பணமுடை வந்ததும் அது காணாமல் போனது. நின்றது எது தெரியுமா? ஊர் ஊராக இருந்த சின்னச் சங்கங்கள். சிகாகோ நகரத் தரகர் சங்கம் 1883-லேயே தொடங்கிவிட்டது. அப்படி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த 19 ஊர்ச் சங்கங்களும் கலிபோர்னியா மாநிலக் கூட்டமைப்பும் சேர்ந்து, 120 பேர் சிகாகோவில் ஒய்.எம்.சி.ஏ. மண்டபத்தில் கூடி 1908 மே 12 அன்று தேசியச் சங்கத்தைத் தொடங்கினார்கள். டெட்ராய்ட், சியாட்டில், லாஸ் ஏஞ்சலஸ் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். முதல் தலைவர் டெட்ராய்ட்காரர் வில்லியம் ஹானன். கவனியுங்கள், சிகாகோ சங்கத்துக்கும் தேசியச் சங்கத்துக்கும் நடுவில் 25 வருஷம். நாம் 25 நாள் பொறுக்க மாட்டோம்.

அவர்கள் முதலில் வைத்த பெயரில் 'எக்ஸ்சேஞ்ச்' என்ற வார்த்தை இருந்தது. ஊர்ச் சங்கங்கள் பலவற்றுக்கும் அதுதான் பெயர், வேலையும் அதுதான்: குறிப்பிட்ட நாளில் தரகர்கள் ஓர் இடத்தில் கூடி, என்னிடம் இந்த இடம் இருக்கிறது, உன்னிடம் யாராவது வாங்குகிறவர் இருந்தால் கொண்டு வா, கமிஷனில் உனக்குப் பங்கு தருகிறேன் என்று மாற்றிக்கொள்வது. ஆக, சங்கத்துக்குப் பதிவு எண் வருவதற்கு முன்பே நீங்கள் தொடங்கக்கூடிய வேலை இது ஒன்றுதான். வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிறு காலை ஏழு மணி என்று வையுங்கள், முகூர்த்த நாளானால் தள்ளிப் போடுங்கள். ஒவ்வொருத்தரும் கையில் இருக்கிற இடத்துக்கு ஒரு சீட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும்: சர்வே நம்பர், எத்தனை சென்ட், ஓனர் சொன்ன விலை, வண்டிப் பாதை எத்தனை அடி, போர்வெல் எத்தனை அடி, கோடையில் தண்ணீர் நிற்குமா. வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல் தோப்பு விற்கப் போவதே வீண். வாட்ஸப் குரூப்பிலேயே போட்டுவிடலாமே என்பீர்கள். போடலாம், ஆனால் குரூப்பில் எல்லோரும் ஓனர் நம்பரை மறைத்துவிட்டு 'இன்பாக்ஸ்' என்று போடுவார்கள். எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கிறவனிடம் அப்படி மறைப்பது கொஞ்சம் கஷ்டம்.

பங்கு பிரிப்பதை அன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள். இடம் கொண்டுவந்தவர், பார்ட்டி கொண்டுவந்தவர், இந்த இரண்டு பேர்தான். கூட வண்டியில் வந்தவர், ஓனர் வீட்டுக்கு வழி காட்டியவர், "அந்த ஆளை எனக்கும் தெரியும்" என்றவர் எல்லாம் முன்கூட்டியே சீட்டில் பெயர் இருந்தால் மட்டும் பங்குக்கு வரலாம். எங்கள் பக்கத்துச் சண்டைகளில் முக்கால்வாசி இந்த மூன்றாவது ரகத்தால் வந்தவைதான், நானே சில தடவை அந்த மூன்றாவது ரகமாக இருந்திருக்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

அடுத்தது விதிமுறை. இங்கேதான் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நாம் சங்கம் என்றாலே மற்றவர்களிடம் கேட்டு வாங்குவது என்று நினைக்கிறோம்; சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் மரியாதை வேண்டும், போலீஸ் ஸ்டேஷனில் மரியாதை வேண்டும், பார்ட்டி கமிஷன் கொடுக்காமல் ஓடினால் சங்கம் போய்ப் பிடிக்க வேண்டும். அமெரிக்கக்காரர்கள் சங்கம் தொடங்கி ஐந்து வருஷத்தில், 1913 ஜூலையில் கனடாவின் வின்னிபெக் நகரத்தில் மாநாடு போட்டு, முதல் வேலையாகத் தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். தரகர் தன்னை நம்பி இடம் ஒப்படைத்தவருக்குச் செய்ய வேண்டியது என்ன, சக தரகருக்குச் செய்ய வேண்டியது என்ன என்று இரண்டு பங்காகப் பிரித்து நெறிமுறை எழுதினார்கள். வாங்குகிறவன்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், விற்பவனுக்கும் தரகனுக்கும் பொறுப்பில்லை என்பதுதான் அதுவரை ஊர் வழக்கம். தரகர்களுக்குள் தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் சங்கத்தின் பஞ்சாயத்துக்கு வர வேண்டும் என்றும் எழுதினார்கள். அந்த நெறிமுறையை ஏற்றுக்கொண்டால்தான் உறுப்பினர் என்று கட்டாயமாக்கியது 1924-இல்தான். பதினோரு வருஷம் பிடித்திருக்கிறது, பாருங்கள்.

நமக்கு என்ன விதி வேண்டும்? சிகாகோவைப் பார்த்து எழுத முடியாது, நம் எல்லைக்கு என்று சில தொல்லைகள் உண்டு. என் பட்டியலில் முதலில் நிற்பது 'நிலம்' என்ற வார்த்தை. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவருக்கு நிலம் என்றால் பூமி, எந்த பூமியும் நிலம்தான். கேரள ரெவின்யூ ரெக்கார்டில் நிலம் என்று இருந்தால் நெல்வயல் என்று அர்த்தம். மேட்டு பூமிக்குப் 'புரயிடம்' என்று பெயர். கண்ணுக்குத் தென்னந்தோப்பாகத் தெரியும், வில்லேஜ் ஆபீஸ் ரெக்கார்டில் நிலம் என்று இருக்கும், 2008-ஆம் வருஷத்து நெல்வயல்-நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதில் வீடு கட்டவோ மண் அடிக்கவோ நினைத்தபடி முடியாது, டேட்டா பேங்கில், அதாவது அந்தச் சட்டப்படி தயாரித்த நெல்வயல் பட்டியலில், அந்த சர்வே நம்பர் ஏறியிருந்தால் அதை நீக்குவதற்கே தனியாக அலைய வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு நான் தொழிலுக்கு வந்த புதிதில் அப்படி ஓர் இடத்தைக் காட்டிவிட்டேன். ஆதாரத்தில் (கிரயப் பத்திரத்துக்குக் கேரளத்தில் அதுதான் பெயர்) நிலம் என்று இருக்கிறது, நாமும் நிலம்தானே விற்கிறோம் என்று என் அரைகுறை மலையாளத்தில் படித்துச் சொன்னேன். அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. பணம் திரும்பி வந்தது, ஆனால் எட்டு மாதம் கழித்து, பாதியாக. அந்தக் குடும்பம் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் பேருந்தில் வேறு சீட்டுக்கு மாறி உட்காரும்.

ஆகவே முதல் விதி: ரெக்கார்டில் நிலமா புரயிடமா, டேட்டா பேங்கில் இருக்கிறதா என்பதை வாங்குகிறவருக்குத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் அட்வான்ஸ் பேசக் கூடாது. இரண்டாவது, ஆதாரம் மலையாளத்தில் இருப்பதால் முன் ஆதாரம், கரம் (நில வரி) அடைத்த ரசீது, தண்டப்பேர் (நில வரிக் கணக்கில் ஓனருக்குள்ள எண்) இதெல்லாம் என்ன சொல்கிறது என்று வாசித்துக் காட்ட வேண்டும், பத்திரம்-பட்டா-சிட்டா மட்டும் தெரிந்த ஆளுக்கு எது எதற்குச் சமம் என்று விளக்க வேண்டும், தனக்கே தெரியாவிட்டால் ஆதாரம் எழுதுகிறவரிடம் கூட்டிப் போக வேண்டும். மூன்றாவது, தோப்பு கள்ளுக்கு விட்டிருக்கிறதா, இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்பதைச் சொல்ல வேண்டும். கேரளத்துக்குக் கள்ளு கொடுக்கிற சித்தூர் தாலுகாவில் இதைச் சொல்லாமல் தோப்பு விற்றால், கிரயம் முடித்து மறுநாள் புது ஓனர் மரத்தடிக்குப் போகும்போது மேலே வேறு ஆள் இருப்பார்.

நாலாவது விதிதான் எல்லோருக்கும் கசக்கும். "எனக்குக் கையில் இவ்வளவு வந்தால் போதும், மேலே வைத்து எவ்வளவு விற்றாலும் உன் பாடு" என்று ஓனர் சொல்வார் அல்லவா, அந்தக் கை ரேட்டு வியாபாரம். அமெரிக்காவில் சங்கம் வருவதற்கு முந்தைய காலத்தில் இது சாதாரணமாக நடந்தது. ஓனருக்கும் உண்மை விலை தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது, நடுவில் நிற்கிற ஆளுக்கு மட்டும் தெரியும். இப்படி ஒரு விற்பனையில் சம்பாதித்தது பத்து விற்பனையின் பெயரைக் கெடுக்கும் என்பது எங்களுக்கே தெரியும், ஆனாலும் விட மனசு வராது. அவர்கள் இதற்கு மாற்றாக, ஓர் இடத்தை ஒரே தரகரிடம் குறிப்பிட்ட காலத்துக்கு எழுதி ஒப்படைக்கும்படி ஓனர்களிடம் வற்புறுத்தச் சொன்னார்கள். 1913 நெறிமுறையிலேயே அது உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, கமிஷன் இவ்வளவு என்று வெளிப்படையாக எழுதிவிட்டால் மேலே வைத்து விற்க வேண்டிய தேவை குறையும். நம் ஊரில் ஒரே தோப்பை இருபது பேர் கூவி விற்கிறோம், இருபது விலை சொல்கிறோம். ஓனருக்கே தன் தோப்பின் விலை குழம்பிப் போகிறது.

உங்கள் சங்கத்தில் எல்லா விதியையும் முதல் மாதமே போட வேண்டும் என்றில்லை. நாலு போதும், ஆனால் மீறினால் என்ன என்பதும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். தண்டனை எழுதாத விதி சுவரில் மாட்டுகிற காலண்டர்.

இப்போது யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது. இதில்தான் அந்தச் சங்கத்தின் கதை கெட்டுப் போகிறது, நாம் ரொம்பக் கவனமாகப் படிக்க வேண்டிய இடமும் இதுதான்.

ஆரம்பத்தில் அவர்கள் யாரைத் தள்ளி வைக்க நினைத்தார்கள் என்றால், ஆபீஸும் இல்லாமல் கணக்கும் இல்லாமல் தெருவோரத்தில் நின்று நிலம் விற்ற ஆட்களை. கர்ப்ஸ்டோனர் என்று அவர்களுக்குப் பெயர், நடைபாதைக் கல்லில் நிற்கிறவர் என்று அர்த்தம். (டீக்கடையில் உட்கார்ந்து நிலம் விற்கிற என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.) அதுவரை ஒரு நியாயம் இருந்தது. ஆனால் கதவு என்று ஒன்று வைத்துவிட்டால் அதற்குக் காவல் நிற்கிறவர்கள் தங்களுக்குப் பிடிக்காதவர்களையும் வெளியே நிறுத்துவார்கள். பெண்களைப் பல ஊர்ச் சங்கங்கள் சேர்க்கவே இல்லை. தேசியச் சங்கத்துக்குள் பெண்களுக்குத் தனி அமைப்பு 1938-இல்தான் வந்தது. கறுப்பினத் தரகர்களுக்கும் கதவு திறக்கவில்லை. அதோடு நிற்கவும் இல்லை. 1924-இல் திருத்திய நெறிமுறையின் 34-ஆவது விதி, ஒரு குடியிருப்பில் சொத்து விலையைக் குறைக்கக்கூடிய எந்த இனத்தவரையும் நாட்டவரையும் அங்கே கொண்டுவருவதற்கு உறுப்பினர் காரணமாக இருக்கக் கூடாது என்றது. அதாவது பதினோரு வருஷத்துக்கு முன்னால் நேர்மைக்காக எழுதிய அதே தாளில், வேண்டாதவர்களுக்கு வீடு காட்டாதே என்று எழுதினார்கள். எந்த வருஷம் நெறிமுறையைக் கட்டாயமாக்கினார்களோ அதே வருஷம், இதையும் நெறி என்ற பெயரில். இன வாரியாக வீடு விற்கத் தடை போடும் ஒப்பந்தங்களைக் கோர்ட் நடைமுறைப்படுத்த முடியாது என்று 1948-இல் அங்கே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, 1950-இல்தான் அந்த விதியிலிருந்து இனம் என்ற சொல்லை எடுத்தார்கள். வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் 1968-இல் வருவதற்கு முன் அதை எதிர்த்து நின்றதும் இந்தச் சங்கம்தான். தாங்கள் செய்தது தவறு என்று சங்கத்தின் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 2020-இல்.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. 1947-இல் புளோரிடாவின் டாம்பா நகரத்தில் 12 கறுப்பினத் தரகர்கள் கூடித் தங்களுக்கென்று தேசியச் சங்கம் தொடங்கினார்கள். 'ரியல்டர்' என்ற பெயரைப் பயன்படுத்த இவர்களுக்கு உரிமை இல்லாததால் 'ரியல்டிஸ்ட்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். வீட்டு வசதியில் ஜனநாயகம் என்பது அவர்கள் முழக்கம். அந்தச் சங்கமும் இன்றுவரை இருக்கிறது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாடகை வீடு கேட்டு ஒருத்தர் வந்தால் நம்மில் எத்தனை பேர் "நீங்க எந்த ஆளுங்க?" என்று கேட்காமல் வீடு காட்டுகிறோம்? ஓனர் கேட்கச் சொன்னார், நான் கேட்டேன், என் தப்பு இல்லை என்போம். சைவமா அசைவமா என்று கேட்பதும் சுற்றி வளைத்து அதே கேள்விதான். அமெரிக்கத் தரகர்களும் இதையேதான் சொன்னார்கள், அக்கம்பக்கத்து விலை விழுந்துவிடும், எங்கள் கையில் என்ன இருக்கிறது என்று. உங்கள் சங்கத்தின் விதிப் புத்தகத்தில் இந்தக் கேள்வியை உறுப்பினர் கேட்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கட்டும். எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னதும் இரண்டு பேர் எழுந்து பீடி பிடிக்கப் போனார்கள், திரும்பி வரும்போது பேச்சு வேறு எங்கோ போயிருக்கும் என்று நினைத்திருப்பார்கள். நான் அதே இடத்தில் நிறுத்தி வைத்திருந்தேன். உறுப்பினர் சேர்ப்பதிலும் அதே விதிதான். மலையாளம் பேசுகிறவர், தமிழ் பேசுகிறவர், கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கத்துக்காரர், இந்தப் பக்கத்துக்காரர், வீட்டு மனை காட்டப் போகிற பெண்கள், எல்லோரும் ஒரே விண்ணப்பத்தில். தள்ளுவதாக இருந்தால் அட்வான்ஸை விழுங்கினவரைத் தள்ளுங்கள்.

பெயர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சுவையான கதை. 1910களில் மினியாபொலிஸ் நகரத்தில் சார்லஸ் சாட்போர்ன் என்ற தரகர், நிலத் தரகர் ஒருவர் ஏழை விதவையை ஏமாற்றினார் என்கிற மாதிரி ஒரு பத்திரிகைத் தலைப்பைப் பார்த்து நொந்து போனார். ஏமாற்றியது சங்கத்தில் இல்லாத யாரோ ஒரு ஆள், கெட்டது எல்லோர் பெயரும். நமக்கென்று தனிப் பெயர் இருந்தால்தானே ஊர் நம்மை அடையாளம் காணும் என்று யோசித்து 'ரியல்டர்' என்ற சொல்லை உண்டாக்கித் தேசியச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார், 1916-இல் சங்கம் அதை ஏற்றுக்கொண்டது. அதே வருஷம் சங்கத்தின் பெயரிலிருந்த 'எக்ஸ்சேஞ்ச்' போய் 'போர்டு' வந்தது. இன்றைய பெயர் 1970களில் வந்தது. நம்மூரில் 'புரோக்கர்' என்று சொல்லும்போது குரலே கொஞ்சம் மாறும், அதை நானும் உணர்ந்திருக்கிறேன். ஆனால் வரிசையைப் பாருங்கள்: சங்கம் 1908, நெறிமுறை 1913, பெயர் 1916. நாம் பெயரையும் லோகோவையும் முதலில் வைத்துவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்கிறோம்.

கமிஷன் சதவீதத்தைச் சங்கத்தில் தீர்மானமாகப் போடாதீர்கள். போடத் தோன்றும், எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான்: இனிமேல் இரண்டு பக்கமும் இரண்டு சதம், குறைத்து வாங்குகிறவருக்கு அபராதம். வாஷிங்டன் நகரச் சங்கம் இப்படித்தான் கமிஷன் அட்டவணை போட்டு, உறுப்பினர்கள் அதன்படியே வாங்க வேண்டும் என்று விதி வைத்தது. அது போட்டியைத் தடுக்கும் சதி என்று 1950-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது. தேசியச் சங்கம் அந்த வழக்கில் தப்பித்துக்கொண்டது, ஊர்ச் சங்கம் மாட்டிக்கொண்டது. நம் நாட்டில் 2002-ஆம் வருஷத்துப் போட்டிச் சட்டத்தின் 3-ஆவது பிரிவும் சங்கம் கூடி விலை நிர்ணயிப்பதைத் தடுக்கிறது. உறுப்பினர் தன் கமிஷனை ஓனரிடமும் பார்ட்டியிடமும் முன்கூட்டி எழுத்தில் சொல்ல வேண்டும் என்று விதி வைக்கலாம், எவ்வளவு என்பதை அவர்களுக்குள் விட்டுவிடுங்கள்.

லைசென்ஸ் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். தரகருக்கு லைசென்ஸ் கட்டாயமாக்கச் சொல்லி அரசாங்கத்தை நெருக்கியதே அமெரிக்கச் சங்கக்காரர்கள்தான். கலிபோர்னியா 1917-இல் சட்டம் போட்டது, கோர்ட் அதை ரத்து செய்தது, 1919-இல் திருத்திப் போட்டது நின்றது. நமக்கு ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இல் வந்தது. அதன் 9-ஆவது பிரிவுப்படி பதிவான புராஜெக்ட்டில் மனையோ பிளாட்டோ விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட்டுக்குப் பதிவு கட்டாயம். மீறினால் 62-ஆவது பிரிவில் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய், சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை ஏறும். எல்லையில் இருக்கிறவர்கள் மறக்கிற ஒரு விஷயம், அந்தப் பதிவு ஒரு மாநிலத்துக்குத்தான் செல்லும். தமிழ்நாட்டில் பதிவு வைத்துக்கொண்டு பாலக்காட்டு பிளாட்டை விற்க முடியாது, கேரளப் பதிவை வைத்துக் கோயம்புத்தூர் சைட்டை விற்க முடியாது. அப்புறம், தனியார் ஒருத்தர் தன் தோப்பை இன்னொருத்தருக்கு விற்பது இந்தச் சட்டத்துக்குள் வராது. நம் டீக்கடை வியாபாரத்தில் பெரும்பாதி அதுதான், அதனால் அங்கே உங்கள் சங்கத்தின் விதியைத் தவிர தரகரைக் கட்டுப்படுத்தத் தனியாக வேறொன்றும் இல்லை. விதியை ஒழுங்காக எழுதச் சொல்வது இதற்காகவும்தான்.

கடைசியில் பதிவு. ஆமாம், கடைசியில். ஏழு பேர் இருந்தால் சங்கம் பதியலாம். ஆனால் எந்தச் சட்டத்தின் கீழ் என்பது எங்கள் ஊரில் ஒரு வேடிக்கை. சித்தூர் தாலுகா பழைய கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது, பக்கத்திலேயே பாலக்காடு மலபாரில், அதாவது மெட்ராஸ் மாகாணத்தில் இருந்தது. அதனால் மலபார் பகுதியில் 1860-ஆம் வருஷத்துச் சட்டம், கொச்சிப் பகுதியில் 1955-ஆம் வருஷத்துத் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம், எல்லை தாண்டினால் தமிழ்நாட்டின் 1975-ஆம் வருஷத்துச் சட்டம். ஒரு மணி நேர பஸ் பயணத்துக்குள் மூன்று சட்டம். ஆபீஸ் விலாசம் எந்தப் பக்கம் வைக்கிறீர்களோ அதைப் பொறுத்தது. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கு முதலில் வெறும் கையோடு ஒருத்தர் போய், தொழில் செய்கிறவர்களின் சங்கம் என்றால் நோக்கத்தை எப்படி எழுதினால் ஏற்பார்கள் என்று கேட்டு வந்துவிட்டுப் பிறகு துணைவிதிகளை எழுதுங்கள். எழுதிய பிறகு கேட்டால் இரண்டு தடவை டைப் அடிக்க வேண்டும். மினிட்ஸ் புத்தகம் ஒன்று, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு ஒன்று, இரண்டு பேர் கையெழுத்து போட்டால்தான் பணம் எடுக்கலாம் என்ற ஏற்பாடு ஒன்று. இதில் மூன்றாவதை விட்டுவிட்டால் முதல் இரண்டும் இருந்து பிரயோஜனம் இல்லை.

எங்கள் நிலவரம் சொல்கிறேன். மூன்று ஞாயிறு கூடியிருக்கிறோம். முதல் வாரம் ஒன்பது பேர் வந்தார்கள், நாலு பேர் கையில்தான் சீட்டு இருந்தது. இரண்டாவது வாரம் ஒருத்தர் கொண்டுவந்த ஒன்றரை ஏக்கர், ரெக்கார்டில் நிலம் என்று தெரிந்து சீட்டைத் திருப்பிக் கொடுத்தோம், கோபித்துக்கொண்டு போனவர் மூன்றாவது வாரம் வேறு சீட்டோடு வந்தார். விதி நாலில் மூன்று ஒப்புக்கொண்டாகிவிட்டது, கை ரேட்டு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. தலைவர் யார் என்று யாரும் கேட்கவில்லை, கேட்க நேரமும் இல்லை. டீக்கு ஆளுக்கு இருபது ரூபாய் வசூலிக்கிறோம். பரணிலிருந்து அந்தப் பழைய ரசீது புத்தகத்தை எடுத்து, மேலே அச்சடித்த பெயரைப் பேனாவால் அடித்துவிட்டு, அதிலேயே எழுதிக் கொடுக்கிறேன். ஐந்து புத்தகம் இருக்கிறது, இந்த வருஷத்துக்குப் போதும்.